கிணற்றில் இறங்காத பாட்டில்

அந்தப் பிரெஞ்சுக்காரர் இறந்துவிட்டாராம். வேலூரில் ஒரு கல்லூரியில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்து, நினைவு மலர் ஒன்றும் அச்சிடுகிறார்கள். அதற்கு நான் எழுத வேண்டும் என்று கேட்டு இரண்டு பேர் ஆம்பூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஒருவர் அந்தக் கல்லூரிப் பேராசிரியை மாலதி. இன்னொருவர் பிரபு, நான் வேலை பார்த்த லேபில் என் இடத்தில் இப்போது இருப்பவர். "அவரோட பழகினதுல நீங்க ஒருத்தர்தான் சார் இருக்கீங்க. நல்லதா நாலு பக்கம் குடுங்க" என்றார் மாலதி. நல்லதாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன். பிடித்தால் போடுங்கள், இல்லாவிட்டால் பஜ்ஜி கட்டக் கொடுங்கள்.

எங்கள் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் எல்லாம் குழாய் வழியாக ஒரு பொது நிலையத்துக்கு வரும். அங்கே சுத்தம் செய்து வெளியே விடுவார்கள். விட்ட தண்ணீர் எப்படி இருக்கிறது, பாலாற்றங்கரைக் கிணறுகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்க நிலையத்துக்குள் ஒரு லேப் உண்டு. பிளஸ் டூ முடித்து அங்கே பாட்டில் கழுவப் போனேன். அப்பா தொழிற்சாலையில் டிரம்மில் தோல் ஏற்றி இறக்கியவர். காலனி ஆள், தோல்காரன் மகன், நாற்றம் பழகியவன். அதனால் வேலை கிடைத்தது. பிறகு ஊர் ஊராகப் போய்த் தண்ணீர் பிடித்து வரும் வேலையைக் கொடுத்தார்கள். ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன்.

தண்ணீர் பிடிப்பது என்றால் மொண்டு வருவது இல்லை. ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில், தனியாக ஒரு கயிறு. சாதாரண பாட்டிலை அதே தண்ணீரில் அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். இன்னொன்று, தோல் பதனிடப் போடும் குரோமியம் இருக்கிறதா என்று பார்க்க. அதில் முன்பே சில சொட்டு ஆசிட் விட்டிருக்கும், அதை அலசவே கூடாது. பாட்டிலை ஈயம் வைத்த கூண்டில் மாட்டி, கயிற்றில் கட்டி, நடுத் தண்ணீர் ஆழத்துக்கு இறக்கி, அங்கே மூடி திறந்துகொள்கிற மாதிரி கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும். மேலே ஏற்றிய கையோடு லேபிள் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். இதெல்லாம் கரீம் சார் கற்றுக் கொடுத்தது.

கரீம் சார்தான் எங்கள் சீஃப் கெமிஸ்ட். வாணியம்பாடிக்காரர். மேஜையில் முழங்கை படும் இடத்தில் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துக்கொள்வார். கண்ணாடிக் குழாயில் அளவு பார்க்கும்போது ஒரு கண்ணை மூடி, மூச்சையும் நிறுத்திவிடுவார். நாங்கள் செய்தது தப்பென்றால் தப்பு என்று சொல்ல மாட்டார். "மறுபடி" என்பார். சரியாக இருந்தாலும் சில நாள் "மறுபடி" என்பார். அவர் கையெழுத்துப் போட்ட அளவில் யாரும் ஒரு புள்ளியைக்கூட ஆட்ட முடியாது. முதலாளிகள் ஆட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. அது ஒன்றை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் லேப் வாசலுக்கு வெளியே அவருக்கு உலகம் கிடையாது.

வேலைக்குப் போன புதிதில் அவரிடம் ஒரு புகார் சொன்னேன். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் முனிரத்தினம் என்ற விவசாயியின் கிணறு எங்கள் பட்டியலில் இருந்தது. என்னை அவர்கள் கிணற்று மேட்டில் ஏற விடவில்லை. வேலிப்படலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். அவர் மனைவி சரோஜா ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பாட்டிலில் குடம் பட்டுவிடாமல் உயரத்தில் இருந்து ஊற்றினார். பாட்டில் தோல் கம்பெனி பாட்டில், பிடித்திருந்த கை என் கை. இதைச் சொன்னதும் கரீம் சார் கைக்குட்டையைத் திருப்பி மடித்தார். "அது ஊர் சண்டைப்பா. கெமிஸ்ட்ரி இல்ல. கேட்டுக்கு உள்ள வந்த தண்ணிக்குத்தான் நான் ஜவாப்தாரி. பேஜார் பண்ணாத" என்றார். எனக்கு அவமானம்தான் பெரிதாக இருந்தது. குடத்துத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர்தானே என்றுதான் நானும் இருந்தேன். அதன்பின் வருஷக்கணக்கில் வேலிக்கு வெளியே நின்றே பிடித்தேன்.

அப்படி இருந்தபோதுதான் அந்த மனிதர் வந்து இறங்கினார்.

உயரம், கூன், சுருங்கின சட்டை. பிரான்சில் தத்துவ வாத்தியாராக இருந்தாராம். தத்துவக்காரர்கள் 'உண்மை என்றால் என்ன' என்று நாற்காலியில் உட்கார்ந்தே பேசுகிறார்கள், உண்மையைத் தயாரிக்கிற இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு அந்த வேலையை விட்டாராம். மானிடவியலுக்கு மாறினாராம். மற்ற மானிடவியல்காரர்கள் காட்டுக்குப் போய்ப் பழங்குடிகளைப் பார்த்தபோது, இவர் மீன் ஏலம் விடுகிற துறைமுகத்திலும் நீதிமன்ற ஆபீசிலும் உட்கார்ந்து அங்கிருப்பவர்களைப் பழங்குடியைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாராம். இப்போது எங்கள் லேபைப் பார்க்க வந்திருக்கிறார். இதெல்லாம் அவரே சொன்னது. பாண்டிச்சேரியில் கொஞ்சநாள் இருந்து தமிழ் கற்றிருந்தார். மெதுவாகப் பேசுவார், பாதி புரியும்.

ஒருவரும் நம்பவில்லை. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய உளவாளி என்றார்கள் முதலாளிகள். முதலாளிகள் வைத்த ஆள் என்றார்கள் யூனியன்காரர்கள். நான் இரண்டையும் நம்பினேன். அவர் யாரோடு போனில் பேசுகிறார் என்று பார்க்க டீக்கடை அன்வரிடம் சொல்லி வைத்தேன். அன்வர் நாலு நாள் பார்த்துவிட்டு வந்து, "பொண்டாட்டி கூடத்தான் பேசறாரு. ஒரே திட்டு. பாஷை புரியல, ஆனா திட்டுன்னு தெரியுது தோஸ்த்" என்றான். அப்போதும் எனக்குச் சந்தேகம் போகவில்லை. வேலை வெட்டி இல்லாமல் ஒரு மனிதன் இன்னொருவன் வேலை செய்வதைக் காலையில் இருந்து சாயங்காலம் வரை பார்ப்பானா? அதற்கு ஒரு அரசாங்கம் சம்பளம் கொடுக்குமா?

ஆசிட் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருப்பார். யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "அதுக்கு முன்னாடி?" இந்த அளவு எங்கே இருந்து வந்தது? மெஷினில் இருந்து. அதுக்கு முன்னாடி? பாட்டிலில் இருந்து. அதுக்கு முன்னாடி? கழுவுகிறவர், கூட்டுகிறவர் யாரையும் விடவில்லை. நாங்கள் அவருக்கு 'முன்னாடி தொரை' என்று பெயர் வைத்தோம். ஒருநாள் கேன்டீனில் சாம்பார் வாளியைப் பார்த்துவிட்டு யாரோ, "தொர, இதுக்கு முன்னாடி இன்னா தெரியுமா? நேத்து சாம்பார்" என்றதும் லேபே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அதையும் எழுதிக்கொண்டார். எனக்கு அதுதான் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஆற்றங்கரை ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் போடும் பேச்சு எழுந்தது. எந்த ஊரில் கிணறு கெட்டிருக்கிறதோ அந்த ஊருக்குத்தான் குழாய். முனிரத்தினம் ஊரில் எங்கள் பட்டியலில் இருந்தது அவர் கிணறு ஒன்றுதான். அது நல்ல தண்ணீர் என்றே ஒவ்வொரு முறையும் எங்கள் லேப் எழுதியது. ஊருக்குக் குழாய் இல்லை என்று ஆகிவிட்டது.

முனிரத்தினம் லேபுக்கே வந்துவிட்டார். கையில் தென்னங்குரும்பைகள். முற்றாமலே உதிர்ந்தவை. அவற்றைக் கரீம் சார் மேஜையில், கைக்குட்டைமேல் கொட்டினார்.

"நல்ல தண்ணியா? மரம் மொட்டையா நிக்குது. சோறு பொங்கினா மஞ்சளா வருது. யார்கிட்ட காசு வாங்கினு இப்படி எழுதறீங்க?"

கரீம் சார் எழுந்து நின்றார். அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முகம் சிவந்துபோனது. "இந்தத் தண்ணிய நானே பார்த்தேன். மறுபடி பார்த்தேன். நம்பர் பொய் சொல்லாது. உங்க மரத்துக்கு வேற இன்னா நோயோ" என்றார்.

"மரம் பொய் சொல்லுதா?" என்றார் முனிரத்தினம்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் சங்கடம். லேபை விவசாயி சந்தேகப்பட்டார், விவசாயியை லேப் சந்தேகப்பட்டது, நான் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டேன். பிரெஞ்சுக்காரர் மட்டும் என் பையைத் தூக்கி மேஜைமேல் வைத்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பாட்டில், லேபிள், பேனா. கடைசியாக, அந்தக் கிணற்றுக்கென்று வாங்கிய கயிறு. கடையில் சுற்றிக் கொடுத்த முடிச்சு அப்படியே இருந்தது. கடைக்காரன் செருகிய அட்டையும் அப்படியே.

"இது ஏன் புதுசு?" என்றார்.

 லேபில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அதை ஒரு விஷயம் என்று யாரும் நினைத்ததில்லை. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயத்தால் இல்லை. இவனிடம் சொன்னால் நம்மை ஊர் ஊராக விற்பான், இந்தியா என்றால் ஜாதி என்று ஒரு புத்தகம் போடுவான் என்ற சந்தேகம். கடைசியில் முனிரத்தினத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "கயிறு எறக்க உடல தொர. வூட்டுக்காரம்மா குடத்துல கொண்ணாந்து ஊத்துவாங்க."

அவர் முனிரத்தினம் பக்கம் திரும்பினார். "குடம். அதுக்கு முன்னாடி?"

அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. வெளியாளுக்கு ஊற்றுகிற தண்ணீர் கலங்கலாக இருக்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அதனால் சரோஜா மேல் தண்ணீராகச் சேந்தி, புடவைத் துணியில் வடிகட்டி, தெளிய வைத்து, அடி மண்டியைக் கீழே விட்டுவிட்டு, தெளிவை மட்டும் எனக்கு ஊற்றியிருக்கிறார். என்னைத் தொட மாட்டார்கள். ஆனால் எனக்குக் கலங்கல் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அவர்களுடைய மரியாதை அப்படிப்பட்டது. தென்னை குடித்ததோ மோட்டார் உறிஞ்சுகிற அடித்தண்ணீர். உப்பு கனம், கீழே நிற்கும். குரோமியம் மண்டியோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் கரீம் சார் ஒரு கண்ணை மூடி அவ்வளவு சரியாக அளந்துகொண்டிருந்தார்.

கரீம் சார் உட்கார்ந்தார். குரும்பைகளை ஓரமாக நகர்த்தினார். என்னைப் பார்த்து, "மறுபடி" என்றார். 

மறுநாள் பிரெஞ்சுக்காரரும் என்னோடு வந்தார். படலைத் திறந்து அவரைக் கிணற்று மேட்டுக்கே கூட்டிப் போனார்கள். நாற்காலி போட்டார்கள். மாட்டுக்கறி தின்கிற மனிதர், ஷூவோடு போய் உட்கார்ந்தார். நான் வழக்கமான இடத்தில் நின்றேன். பிரெஞ்சுக்காரர் தூக்கி வந்திருந்த என் பையில் இருந்து முனிரத்தினம் கயிற்றை எடுத்து அவரிடம் நீட்டி, "நீங்களே எறக்கிடுங்க தொர" என்றார். பகலில் த்ரீ பேஸ் கரண்ட் வராது, மோட்டார் ஓடாது. கயிறு இறக்கினால்தான் உண்டு.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். தனக்குத் தெரியாது, அது என் வேலை என்றார். என்னைப் பார்த்தார். முனிரத்தினத்தைப் பார்த்தார். 

மாலதி மேடம் இதை 'அவருடைய அறம்' என்று சொன்னார். நான் அங்கே இருந்தவன். அந்தக் கண் எனக்குத் தெரியும். கேன்மேல் உட்கார்ந்து மெஷினைப் பார்க்கிற அதே கண். எனக்காகக் கையைக் கட்டினாரா, அடுத்து என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று கட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முனிரத்தினம் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். தானே இறக்கலாமா என்றார். முடியாது என்றேன். கிணற்றுக்காரர் பிடித்த தண்ணீரை லேப் இனி எடுக்காது, அது கரீம் சார் கண்டிஷன். ஊருக்குக் குழாய் வருமா வராதா என்பது அந்தக் கயிற்றில் தொங்கியது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். தெருவில் இருந்து ஆட்கள் வேறு வந்து நின்றுவிட்டார்கள். அவருக்கு அதுதான் கஷ்டம்.

பேசியது சரோஜா. "அவரே எறக்கட்டும். மரமே செத்துப்போச்சி. இந்தக் கெணத்துல இனிமே கெட இன்னா கீது?"

அதுவரை அந்த வீட்டில் நான் 'அந்த ஆளு'. அன்றைக்கு 'அவரு'. நன்றாகக் கேளுங்கள்: கிணறு செத்த பிறகுதான் எனக்குக் கிணற்று மேடு. இதில் நான் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? படலைத் தாண்டினேன். கடை முடிச்சை அவிழ்த்தேன். பாட்டிலை இறக்கி, கரீம் சார் கற்றுக் கொடுத்த ஆழத்தில் வெட்டினேன். வேலைக்கு வந்து அத்தனை வருஷம் கழித்து முதல்முறையாக அந்த ஊரில் என் வேலையைச் செய்தேன். தண்ணீர் மேலே வந்தபோது நாற்றம் எனக்குத் தெரிந்த நாற்றம். அப்பா சட்டையில் வரும் நாற்றம்.

கரீம் சார் மறுபடி, மறுபடி என்று சலிக்காமல் பார்த்தார். பிறகு, கிணறு கெட்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தால் நிலையத்தில் அவருக்கு நல்ல பெயர் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஊருக்குக் குழாய் வந்தது. தெருவுக்கு முதலில், எங்கள் ஆட்கள் இருக்கும் பக்கத்துக்கு ரொம்பப் பிறகு. அதை எழுதாமல் விட மாட்டேன்.

பிரெஞ்சுக்காரர் ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதினார். பெரிய ஆளாகிவிட்டாராம். உலகம் முழுக்க அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்களாம். மனிதர் மட்டும் உண்மையைச் செய்வதில்லை, பொருட்களும் சேர்ந்துதான் செய்கின்றன; குடம், துணி, கயிறு, பாட்டில் எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர் தத்துவம். மாலதி மேடம் அந்தப் பக்கங்களை எனக்குத் தமிழில் சொன்னார். பாட்டிலுக்கு ஒரு அத்தியாயமே இருக்கிறது. 'அந்தப் பாட்டிலால் கிணற்றை நெருங்க முடியவில்லை' என்று எழுதியிருக்கிறாராம். நான் ஒரு வரியில் வருகிறேன், 'மாதிரி எடுப்பவர்' என்று.

பாட்டிலுக்கு ஜாதி கிடையாது தொரை. நெருங்க முடியாதவன் நான். உலகத்தில் வேறு யாரும் பார்க்காததை நீங்கள் பார்த்தீர்கள், ஒத்துக்கொள்கிறேன். கயிறு புதுசாக இருப்பதை உங்கள் கண்தான் பிடித்தது. ஆனால் 'அதுக்கு முன்னாடி, அதுக்கு முன்னாடி' என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசிப் படியில் பாட்டிலோடு நின்றுவிட்டீர்கள். அதற்கும் முன்னாடி ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். நம்மை ஜாதி என்று எழுதி விற்பான் என்று சந்தேகப்பட்டேன். அவர் ஜாதியை எழுதவே இல்லை. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னபோது மாலதி மேடம் சங்கடப்பட்டார். பேச்சை மாற்றத்தான் பிரபு செல்போனை எடுத்தார் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் யாரும் தண்ணீர் பிடிக்கப் போவதில்லையாம். கிணறுகளில் சென்சார் வைத்திருக்கிறார்களாம், அளவு நேராகப் போனுக்கு வருகிறதாம். "மனுஷக் கையே படாது சார். தப்பே வராது" என்றார். கல்லூரியும் நிலையமும் சேர்ந்து செய்த வேலை, அந்தப் பிரெஞ்சுக்காரர் நினைவாகவே. முனிரத்தினம் கிணற்றிலும் உண்டு. போனில் அந்தக் கிணற்றைத் திறந்து காட்டினார். பச்சை நிறம். நல்ல தண்ணீர். ஆறு தேறிவிட்டது, இனி அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் எதற்கு என்று ஆபீசில் பேச்சு ஓடுகிறதாம்.

"இந்த நம்பர் எங்கேர்ந்து வருது?" என்றேன்.

"சர்வர்லேர்ந்து சார்."

"அதுக்கு முன்னாடி?"

மாலதி மேடம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"சென்சார் சார்."

"அது எங்க கீது?"

பிரபு போனைப் பார்த்தார். "கெணத்து மேட்டுத் தொட்டியில. மோட்டார் தண்ணி வந்து விழற தொட்டின்னு சொன்னாங்க."

"முனிரத்தினம் செத்ததும் அந்த மோட்டாரக் கழட்டி வித்துட்டான் அவர் மவன். இப்போ தொட்டியில உழறது குழாத் தண்ணிப்பா. கெணத்துல ஏன் போடல?"

"வூட்டுக்காரங்க தொட்டியில போடச் சொன்னாங்க சார். மேட்டுல ஏற வேணான்னு..."

"மாட்டப் போனது யாரு?"

பிரபு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "நான்தான் சார்" என்றார். பிரபு எங்கள் காலனிப் பையன்தான்.

மாலதி மேடத்துக்கு அது தெரியாது போலிருக்கிறது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நினைவுக் கூட்டத்துக்கு நான் வேலூருக்கு வர மாட்டேன். கூட்டத்தை அந்தக் கிணற்று மேட்டில் போடுங்கள், வருகிறேன். படலுக்கு வெளியே நிற்க மாட்டேன். பிரபுவும் நிற்கக் கூடாது. கயிறு நான் கொண்டுவருகிறேன்.